கலர் சார்ட்டருக்குக் காற்று: எந்த ஃபில்டர், எந்த வரிசையில்?

அரிசிஆலை_காங்கேயம்

வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் புழுங்கல் அரிசி ஆலை நடத்துகிறோம். புதிதாக ஒரு கலர் சார்ட்டர் (நிறம் மாறிய அரிசியைக் கண்டுபிடித்துக் காற்றால் ஊதித் தள்ளும் மெஷின்) வரப்போகிறது. அதற்காக 20 ஹெச்.பி. ஸ்க்ரூ கம்ப்ரஸர் வாங்கியாகிவிட்டது. 7 பார் அழுத்தத்தில் 80 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 80 கன அடி காற்று) தரும். சார்ட்டருக்கு 45 சி.எஃப்.எம். வேண்டும். மீதிக் காற்று பேக்கிங் மெஷினுக்கும், நியூமேட்டிக் ஷட்டர்களுக்கும், மெஷின்களைச் சுத்தம் செய்ய ஊதுவதற்கும் போகும்.

ஃபில்டருக்கு மூன்று பேர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் 1 மைக்ரான் ஃபில்டர் ஒன்றே போதும் என்கிறார். அடுத்தவர் 5 மைக்ரான், 1 மைக்ரான், 0.01 மைக்ரான், ஆக்டிவேட்டட் கார்பன் என்று நான்கையும் வரிசையாக மாட்டிவிட்டால் காற்றை உலர்த்தும் டிரையரே தேவையில்லை என்கிறார். மூன்றாமவர் டிரையரும் இரண்டு ஃபில்டரும் கேட்கிறார், விலை மற்றவர்களைவிட இரண்டு மடங்கு.

பக்கத்து ஆலை ஒன்றில் எஜெக்டர் வால்வுகள் ஒட்டிக்கொண்டு, கறுப்பரிசியோடு நல்ல அரிசியும் சேர்ந்து தள்ளப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலை நமக்கு வரக்கூடாது. யாரை நம்புவது?

கம்ப்ரஸர்சர்வீஸ்_கோவை

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். முதலில் இரண்டாவது கொட்டேஷனைத் தள்ளி வையுங்கள். எத்தனை ஃபில்டர் மாட்டினாலும் காற்று காயாது. ஃபில்டர் பிடிப்பது தூசு, நீர்த்துளி, கம்ப்ரஸரிலிருந்து கலந்து வரும் எண்ணெய்த்துளி. ஆவியாக இருக்கும் நீர் அதன் வழியாக அப்படியே போய்விடும். அந்தப் பக்கம் குழாயில் குளிர்ந்து மறுபடி தண்ணீராகி, உங்கள் வால்வில்தான் நிற்கும்.

கணக்குப் போட்டே பார்ப்போம். 80 சி.எஃப்.எம். என்றால் மணிக்கு ஏறத்தாழ 136 கன மீட்டர் காற்று. வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கன மீட்டரிலும் 23 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். மணிக்கு மூன்று லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கம்ப்ரஸர் உள்ளே இழுக்கிறது. பத்து மணி நேரம் ஓடினால் 30 லிட்டரைத் தாண்டும்.

அதை 7 பாருக்கு அமுக்கி, ஆஃப்டர் கூலரில் 45 டிகிரிக்குக் கொண்டுவந்தால் பெரும்பங்கு நீராகப் பிரிந்து டிரெயினில் (தண்ணீரை வெளியேற்றும் வழியில்) போய்விடும். ஆனாலும் மணிக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் ஆவியாகவே மிஞ்சும். அதைத்தான் எந்த மைக்ரான் ஃபில்டராலும் தடுக்க முடியாது. ரெஃப்ரிஜரேட்டட் டிரையர் வைத்து 3 டிகிரிக்குக் குளிர வைத்தால், மிஞ்சுவது மணிக்கு 100 கிராமுக்கும் கீழே வந்துவிடும்.

அதனால் மூன்றாமவர் சொல்வதன் அடிப்படை சரி. விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

தறி_சோமனூர்

காங்கேயம் வறண்ட சீமை ஆச்சே அண்ணா. பொள்ளாச்சி, உடுமலை என்றால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு அடிக்கும், அங்கே டிரையர் வேண்டும் என்றால் ஒப்புக்கொள்ளலாம். காங்கேயத்தில் அவ்வளவு செலவு தேவையா?

கம்ப்ரஸர்சர்வீஸ்_கோவை

தம்பி, நிறைய பேர் இதை வைத்துத்தான் டிரையரைத் தவிர்க்கிறார்கள். நல்ல வெயில் நாளையே எடுத்துக்கொள்வோம்: 35 டிகிரி, ஈரப்பதம் வெறும் 40 சதவீதம். அப்போதும் கன மீட்டருக்கு 16 கிராம் அளவில் நீராவி இருக்கிறது. 7 பார் கேஜ் என்றால் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 7 பார், மொத்தம் 8; காற்று எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். அந்த 16 கிராம் எட்டு மடங்காகி 125 கிராம் பக்கம் வந்துவிடும். 45 டிகிரிக் காற்று தாங்கக்கூடியது கன மீட்டருக்கு 65 கிராம்தான். ஆக, வறண்ட ஊரின் காற்றும் அமுக்கியதும் நீர் கக்கும். ஊருக்கு ஊர் மாறுவது அளவு மட்டுமே.

காங்கேயத்து ஆலைகளில் இன்னொரு விஷயம் இருக்கிறது. புழுங்கல் அரிசி என்றால் பாய்லரும் ஊறல் தொட்டியும் இருக்கும். கம்ப்ரஸர் ரூமை அதை ஒட்டியே கட்டியிருப்பார்கள். ஆவி கலந்த சூடான காற்றைத்தான் கம்ப்ரஸர் இழுக்கும். ஊர் வறண்டிருந்தாலும் அந்த அறை வறண்டிருக்காது.

அரிசிஆலை_காங்கேயம்

சரியாகச் சொன்னீர்கள். எங்கள் கம்ப்ரஸர் ரூமுக்கும் பாய்லருக்கும் நடுவில் ஒரே சுவர்தான். எதிர்ப்பக்கம் தவிட்டு அறை.

நூற்பாலை_உடுமலை

அப்படியானால் ஃபில்டர் வாங்குவதற்கு முன் அறையைக் கவனியுங்கள் சார். நான் நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். எங்களுக்குப் பஞ்சு, உங்களுக்குத் தவிடு, வேலை ஒன்றுதான். தவிட்டுத் தூசு கூலர் துடுப்புகளில் எண்ணெய்ப் பசையோடு அப்பிக்கொண்டால் எண்ணெய்ச் சூடு ஏறும். சூடு ஏறினால் எண்ணெய் ஆவியாகிக் காற்றோடு போவது கூடும். அந்த ஆவியை 0.01 மைக்ரான் ஃபில்டரும் பிடிக்காது, அது துளியை மட்டும்தான் பிடிக்கும். வெளியே வரும் காற்றும் சூடாக வரும், டிரையருக்குச் சுமை கூடும். ஒரு தூசிலிருந்து இவ்வளவு தொல்லை.

உறிஞ்சும் காற்றை வடக்குச் சுவர் வழியாக வெளியிலிருந்து டக்ட் போட்டு எடுங்கள். சூடான காற்று வெளியே போகத் தனி டக்ட். கூலரை வாரம் ஒருமுறை ஊதிவிடுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு நல்ல ஃபில்டரின் விலை அளவுக்குத்தான் இருக்கும்.

கம்ப்ரஸர்சர்வீஸ்_கோவை

நூறு சதவீதம் ஒத்துக்கொள்கிறேன். டிரையர் வாங்கும்போதும் இதே சூட்டை மனதில் வையுங்கள். காடலாக்கில் 80 சி.எஃப்.எம். என்று போட்டிருப்பது பெரும்பாலும் உள்ளே வரும் காற்று 35 டிகிரி, அறை 25 டிகிரி என்ற கணக்குக்கு. நம்மூர் சித்திரை மாதத்தில் அறை 25 டிகிரியாக எங்கே இருக்கிறது? காற்று 35 டிகிரிக்குப் பதில் 45 டிகிரியில் வந்தால் அதிலுள்ள நீராவி ஒன்றரை மடங்குக்கும் மேல். காடலாக்கின் கடைசிப் பக்கத்தில் திருத்த அட்டவணை இருக்கும். அதைப் பார்த்துப் பெருக்கிய பிறகு வருவதுதான் உங்களுக்கான அளவு. கொட்டேஷன் கொடுத்தவரிடம் “45 டிகிரி காற்று, 40 டிகிரி அறை, இதற்கு எந்த மாடல்?” என்று எழுத்தில் கேளுங்கள். பதிலில் மாடல் மாறினால் முதல் கொட்டேஷன் அந்தக் கணக்கைப் போடாமல் கொடுத்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

இப்போது ஃபில்டருக்கு வருகிறேன். காற்றின் தரத்தைச் சொல்ல ஐ.எஸ்.ஓ. 8573-1 என்ற தரநிலை இருக்கிறது. மூன்று எண்கள்: முதலாவது தூசு, இரண்டாவது நீர், மூன்றாவது எண்ணெய். எண் சிறியதாக இருந்தால் காற்று சுத்தம். நீரில் வகுப்பு 4 என்றால் அழுத்தப் பனிநிலை (அமுக்கிய காற்றிலுள்ள ஆவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரி. ரெஃப்ரிஜரேட்டட் டிரையர் தருவது அதுதான். வகுப்பு 2 வேண்டுமென்றால் மைனஸ் 40 டிகிரி. அதற்கு ஈரம் உறிஞ்சும் மணிகள் கொண்ட டெசிகன்ட் டிரையர் வேண்டும், விலையும் கூட, அந்த மணிகளை உலர்த்தவே ஒரு பங்கு காற்று வீணாகும். எண்ணெயில் வகுப்பு 1 என்றால் கன மீட்டருக்கு 0.01 மில்லிகிராம், வகுப்பு 2 என்றால் 0.1, வகுப்பு 3 என்றால் 1.

சார்ட்டர் கம்பெனியின் கையேட்டில் இந்த மூன்று எண்கள் இருக்கும், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். கம்ப்ரஸர் விற்பவரும் ஃபில்டர் விற்பவரும் என்ன சொன்னாலும், மெஷின் கேட்பதுதான் தொடக்கம். நானாக இருந்தால் சார்ட்டருக்கு 2:4:2 என்று வைத்துக்கொள்வேன்.

வரிசை இப்படி: கம்ப்ரஸர், வாட்டர் செபரேட்டர், ரிசீவர் டேங்க், 1 மைக்ரான் ஃபில்டர், டிரையர், 0.01 மைக்ரான் ஃபில்டர். டிரையருக்கு முன்னால் இருக்கும் 1 மைக்ரான் டிரையரின் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் எண்ணெய் படியாமல் காக்கும். 0.01 மைக்ரான் டிரையருக்குப் பின்னால் இருப்பது முக்கியம். குளிர்ந்ததில் எண்ணெய் ஆவியிலும் ஒரு பகுதி துளியாகியிருக்கும், அதையும் சேர்த்துப் பிடிக்கும். தண்ணீர்ச் சுமை இல்லாததால் எலிமெண்ட்டும் (ஃபில்டருக்குள் வடிகட்டும், மாற்றக்கூடிய பாகம்) நெடுநாள் வரும்.

பெருந்துறை_மாணவி

சார், ஒரு சந்தேகம். 0.01 மைக்ரான் என்றால் அந்த எலிமெண்ட்டின் துளைகள் அவ்வளவு சிறியவையா? அப்படியிருந்தால் காற்றே போகாதே?

கம்ப்ரஸர்சர்வீஸ்_கோவை

நல்ல கேள்வி அம்மா. துளை அவ்வளவு சிறியதல்ல. உள்ளே இருப்பது போரோசிலிகேட் கண்ணாடி இழை, பஞ்சு மெத்தை மாதிரி பல அடுக்கு. பெரிய துளிகள் காற்றோடு வளைய முடியாமல் நேரே போய் இழையில் மோதும். நடுத்தரமானவை போகிற போக்கில் இழையை உரசி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறியவை காற்று மூலக்கூறுகள் இடித்து இடித்து அலைபாயும். அப்படி அலையும்போது ஏதாவது ஓர் இழையில் பட்டுவிடும். இதனால் மிகச் சிறிய துகளைப் பிடிப்பதும் இந்த ஃபில்டருக்கு எளிதுதான். பிடிக்கக் கடினமானது உரசி ஒட்டுபவைக்கும் அலைபாய்பவைக்கும் நடுவில், 0.1 முதல் 0.3 மைக்ரான் வரை உள்ளவை.

ஒட்டிய துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, வெளிப்பக்க நுரை உறையில் இறங்கி, கிண்ணத்தில் சொட்டும். இந்த ஃபில்டரில் காற்று உள்ளிருந்து வெளியே போக வேண்டும். தூசு ஃபில்டரில் வெளியிலிருந்து உள்ளே. அம்புக்குறி பார்க்காமல் தலைகீழாக மாட்டியிருப்பதைப் பல இடத்தில் திருத்தியிருக்கிறேன்.

அதனால் 0.01 என்று ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணை மட்டும் வைத்து எலிமெண்ட்டை எடை போட முடியாது. “ஐ.எஸ்.ஓ. 12500-1 படி சோதித்தீர்களா? உள்ளே எவ்வளவு எண்ணெய் விட்டீர்கள், 10 மில்லிகிராமா 40 மில்லிகிராமா? வெளியே எவ்வளவு வந்தது? ஈரமான எலிமெண்ட்டில் அழுத்த இழப்பு எவ்வளவு?” என்று கேளுங்கள். பதில் தர முடியாதவரிடம் எலிமெண்ட் வாங்காதீர்கள்.

பவுடர்கோட்டிங்_குறிச்சி

எங்கள் அனுபவத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். மெயின் லைனில் எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டாலும், அதற்குப் பிறகு பழைய ஜி.ஐ. பைப் இருந்தால் துரு உதிர்ந்து வந்துகொண்டே இருக்கும். சார்ட்டருக்கு ஐந்தடி முன்னால் ஒரு சிறிய ஃபில்டர் கட்டாயம் வையுங்கள். புது லைன் என்றால் அலுமினியம் அல்லது எஸ்.எஸ். போட்டுவிடுங்கள். மெயின் பைப்பின் மேல்பக்கத்திலிருந்து வளைத்துக் கிளை எடுக்க வேண்டும். அடிப்பக்கத்தில் எடுத்தால் பைப்பில் தேங்கும் தண்ணீரெல்லாம் அந்தக் கிளையில்தான் இறங்கும்.

ஃபில்டர் கிண்ணம் உலோகத்தில் வாங்குங்கள். பாலிகார்பனேட் கிண்ணம் சில சிந்தெட்டிக் எண்ணெய்க்கும் தின்னர் ஆவிக்கும் வெடிப்பு விட்டுவிடும். 7 பார் அழுத்தத்தில் அது உடைந்தால் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து.

நூற்பாலை_உடுமலை

கோவை சார் சொன்ன வரிசையில் டேங்க் இருக்கும் இடத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. டேங்க்கை டிரையருக்குப் பின்னால் வைப்பது நல்லது. எங்களிடம் நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் மெஷினில், நூல் முனைகளை இணைக்கும் ஸ்ப்ளைசர்கள் எல்லாம் ஒன்றாகக் காற்றிழுக்கும் நேரம் உண்டு. டேங்க் முன்னால் இருந்தால், அந்த நேரத்தில் டேங்க்கில் சேர்ந்திருக்கும் காற்று மொத்தமும் டிரையரின் அளவை மீறிப் பாயும். பனிநிலை ஏறிவிடும், ஃபில்டரிலும் துளி பிய்த்துக்கொண்டு போகும். காய்ந்த காற்று டேங்க்கில் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

கம்ப்ரஸர்சர்வீஸ்_கோவை

உங்கள் ஆலைக்கு அது சரி. திடீர்த் தேவை உள்ள இடத்தில் காய்ந்த டேங்க் வேண்டும்தான். ஆனால் முன்னால் டேங்க்கே இல்லாவிட்டால் கம்ப்ரஸரின் சூடும் தண்ணீரும் நேரே டிரையர் தலையில் விழும். டேங்க்கில் காற்று கொஞ்சம் ஆறும், தண்ணீர் இறங்கும். முடிந்தால் இரண்டு: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒன்றுதான் முடியும் என்றால் காங்கேயம் சாருக்கு நான் முன்னால்தான் வைப்பேன். சார்ட்டர் ஏறக்குறைய சீராகத்தான் காற்றிழுக்கும், அவருடைய முதல் எதிரி சூடு.

நூற்பாலை_உடுமலை

மெஷின் துடைக்க ஊதும் துப்பாக்கி அதே லைனில் இருக்கிறதே? நான்கு பேர் ஒன்றாக ஊதினால் சார்ட்டரில் அழுத்தம் இறங்கும். நான் பின்னால் வைப்பேன், அல்லது ஊதும் லைனை டிரையருக்கு முன்னாலேயே பிரித்துவிடுவேன்.

கம்ப்ரஸர்சர்வீஸ்_கோவை

பிரித்துவிடுவது நல்ல யோசனை, அதை எடுத்துக்கொள்ளலாம். ஊதுவதற்கு 3 டிகிரிப் பனிநிலையும் 0.01 மைக்ரானும் எதற்கு? 1 மைக்ரானுக்குப் பிறகு ஒரு டீ (T வடிவக் குழாய் இணைப்பு) போட்டு ஊதும் லைனை எடுத்துவிட்டால், டிரையரும் நுண் ஃபில்டரும் சார்ட்டர், பேக்கிங், ஷட்டர் அளவுக்கு மட்டும் பார்த்தால் போதும்.

பனியன்_திருப்பூர்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். 5 ஹெச்.பி. பிஸ்டன் கம்ப்ரஸர், தையல் மெஷின்களின் நூல் வெட்டும் சிலிண்டருக்கு மட்டும். எனக்கும் டிரையர் வேண்டுமா?

கம்ப்ரஸர்சர்வீஸ்_கோவை

வேண்டாம். டேங்க்கைத் தினமும் காலையில் டிரெயின் செய்யுங்கள், அதற்குப் பிறகு கொஞ்ச தூரம் பைப் ஓடிக் காற்று ஆறட்டும், ஒவ்வொரு வரிசைக்கும் 5 மைக்ரான் எஃப்.ஆர்.எல். (ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர் சேர்ந்த செட்) போதும். சிலிண்டர் வெளியேற்றும் காற்று வெள்ளைத் துணி மேல் படாமல் சைலன்சரைத் திருப்பி வையுங்கள்.

அரிசிஆலை_காங்கேயம்

நிறையத் தெளிவு கிடைத்தது. இன்னும் இரண்டு. ஒன்று, சார்ட்டரின் காற்று நேராக அரிசி மேல்தானே அடிக்கிறது. கார்பன் ஃபில்டர் வேண்டாமா? இரண்டு, எலிமெண்ட் எப்போது மாற்றுவது? ஃபில்டர் மேலிருக்கும் கேஜ் பச்சையில் இருக்கும்வரை மாற்ற வேண்டாம் என்று ஒருவர் சொன்னார்.

கம்ப்ரஸர்சர்வீஸ்_கோவை

கார்பன் பற்றிச் சரியாக யோசித்திருக்கிறீர்கள். அரிசி உண்ணும் பொருள், அதைத் தொடும் காற்றில் எண்ணெய் வாடைகூட இருக்கக்கூடாது. முதல் வேலையாகக் கம்ப்ரஸரில் உணவுத் தர எண்ணெய் ஊற்ற முடியுமா என்று அதன் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். கார்பனை மெயின் லைனில் போடாதீர்கள், சார்ட்டருக்கு முன்னால் மட்டும், 0.01 மைக்ரானுக்குப் பிறகு. துளி எண்ணெயோ தண்ணீரோ பட்டால் கார்பன் சீக்கிரமே செத்துவிடும். சூடான காற்றிலும் அதன் பிடிப்பு குறையும். அதில் அழுத்த இழப்பு ஏறாது, அதனால் நிரம்பிவிட்டதைக் கேஜ் காட்டவே காட்டாது. சாதாரண கார்ட்ரிட்ஜ் என்றால் ஆயிரம் மணி நேரக் கணக்கு வைத்து மாற்ற வேண்டும். ஏற்றுமதிக்கு அரிசி வாங்குபவர் தணிக்கைக்கு வருவார் என்றால் கட்டாயம் போடுங்கள்.

கேஜ் விஷயம். அது அழுத்த இழப்பைத்தான் காட்டும், காற்று சுத்தமா என்று காட்டாது. எலிமெண்ட் கிழிந்தாலோ, ஓ-ரிங் உட்காராவிட்டாலோ முள் பூஜ்யத்துக்கு இறங்கி, பச்சையில் அழகாக நிற்கும். நேற்று 0.2 பார் காட்டியது இன்று பூஜ்யம் என்றால் உடனே திறந்து பாருங்கள். 0.35 பார் வந்தால் மாற்றுங்கள். வராவிட்டாலும் வருடம் ஒருமுறை மாற்றுங்கள். இழைகள் நாளாக நாளாக எண்ணெயில் ஊறித் தளர்ந்துவிடும்.

மாற்றாமல் ஓட்டுவதில் மிச்சமும் இல்லை. அழுத்தத்தை 1 பார் கூட்டினால் மின்சாரம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். அடைத்துப்போன ஃபில்டர்களுக்காக 0.5 பார் கூட்டி வைத்தால், 15 கிலோவாட் மோட்டாரில் அரை கிலோவாட்டுக்கு மேல் வீண். வருடம் 6,000 மணி நேரம் ஓடினால் 3,000 யூனிட்டைத் தாண்டும். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலும் 25,000 ரூபாய். ஒரு செட் எலிமெண்ட் அதைவிடக் குறைவு.

தறி_சோமனூர்

அண்ணா, எங்கள் ஏர்ஜெட் தறிக்கு 5 பார்தான் ஓட்டுகிறோம். ஃபில்டரின் சி.எஃப்.எம். கணக்கு மாறுமா?

கம்ப்ரஸர்சர்வீஸ்_கோவை

மாறும் தம்பி. காடலாக் அளவு 7 பாருக்கு. அழுத்தம் குறைந்தால் அதே காற்று அதிக இடம் பிடிக்கும், எலிமெண்ட்டில் வேகம் கூடும், பிடித்த துளியைப் பிய்த்துக்கொண்டு போகும். வளிமண்டலத்தின் 1 பாரையும் சேர்த்தால் 7 பார் எட்டு, 5 பார் ஆறு. ஆக 5 பாருக்கு எட்டில் ஆறு பங்கு, அதாவது 0.75. 100 சி.எஃப்.எம். ஃபில்டர் உங்களுக்கு 75 சி.எஃப்.எம். ஃபில்டர்தான். ஒரு சைஸ் பெரியதாகவே வாங்குங்கள். ரீடில் (தறியில் பாவு நூல்களைப் பிரிக்கும் சீப்பில்) எண்ணெய் ஏறிய பிறகு கழுவிக்கொண்டிருப்பதைவிட அது மலிவு.

எல்லோருக்கும் ஒரு சின்னச் சோதனை. சார்ட்டர் அல்லது தறிக்கு முன்னால் உள்ள வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, சுத்தமான முகம் பார்க்கும் கண்ணாடியில் சில நிமிடம் ஊதவிடுங்கள். ஈரப்படலமோ எண்ணெய்ப் புள்ளியோ தெரிந்தால் எங்கோ கோளாறு. ஒன்றும் தெரியாவிட்டால் காற்று வகுப்பு 1 என்று அர்த்தமில்லை. துளியாக வரவில்லை என்பது மட்டும் உறுதி.

பெருந்துறை_மாணவி

ஆயில்-ஃப்ரீ கம்ப்ரஸர் வாங்கினால் இவ்வளவும் தேவையில்லையா சார்?

நூற்பாலை_உடுமலை

எண்ணெய்ச் சுமை வெகுவாகக் குறையும், ஆனால் தண்ணீரும் தூசும் அப்படியே வரும். ஜெனரேட்டர் புகையை இழுத்தால் அதிலுள்ள எண்ணெய் ஆவியும் வரும். டிரையர், தூசு ஃபில்டர் இரண்டும் அப்போதும் வேண்டும்.

அரிசிஆலை_காங்கேயம்

டிரையருடன், மாடலை மாற்றிக் கொட்டேஷன் கேட்டிருக்கிறேன். ஊதும் லைனைப் பிரித்துவிடுகிறோம். டிரெயின் எது நல்லது? அந்தத் தண்ணீரைப் பின்னால் தென்னந்தோப்புக்கு விட்டுவிடலாமா?

கம்ப்ரஸர்சர்வீஸ்_கோவை

தோப்புக்கு வேண்டாமுங்க. பால் மாதிரி வெளுத்து வரும் அந்தத் தண்ணீரில் கம்ப்ரஸர் எண்ணெய் கலந்திருக்கிறது. மண்ணில் இறங்கினால் கிணற்றுக்குப் போகும். நொய்யல் ஆறு மாசுபட்டு நாம் பட்டது போதும். சிறிய ஆயில்-வாட்டர் செபரேட்டர் ஒன்று வைத்து, எல்லா டிரெயினையும் அதில் சேருங்கள். பிரிந்த எண்ணெய் அபாயக் கழிவு விதிகளில் வருவது, பழைய எண்ணெயோடு பீப்பாயில் சேர்த்து அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் கொடுக்க வேண்டும்.

டிரெயின் வகையில், டேங்க்குக்கும் டிரையருக்கும் லெவல் பார்த்துத் திறக்கும் ஜீரோ லாஸ் வகை போடுங்கள். டைமர் வகை தண்ணீர் இல்லாதபோதும் திறந்து காற்றை ஊதித் தள்ளும், மழைக்காலத்தில் நேரம் போதாமல் தண்ணீரை விட்டுவைக்கும். ஃபில்டர் கிண்ணங்களுக்கு மிதவை வகை போதும், ஆனால் தவிட்டுத் தூசும் எண்ணெயும் சேர்ந்து அதன் ஊசித்துளையை அடைக்கும், மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும். டேங்க் டிரெயினையும் ஃபில்டர் டிரெயினையும் ஒரே குழாயில் சேர்ப்பதானால் ஒவ்வொன்றுக்கும் செக் வால்வு போடுங்கள். இல்லாவிட்டால் அழுத்தம் கூடிய இடத்துத் தண்ணீர் குறைந்த இடத்துக் கிண்ணத்துக்குள் திரும்பி ஏறிவிடும்.